கொத்துக்கடைத் திரை

நோன்பு முடியச் சில நாள்களே இருந்தன. தராவீஹ் தொழுதுவிட்டு, சாய்ந்தமருதுப் பிரதான வீதியில் ஒரு சாப்பாட்டுக் கடையில் கொத்துக்குக் காத்திருந்தேன். குடும்பங்களுக்கென்று தடுத்திருந்த பக்கத்தில் பச்சைத் திரை. பத்துப் பதினொரு வயதுப் பெண்பிள்ளை ஒன்று அதை விலக்கி, கல்லில் தகடுகள் இரண்டும் அடிபடுவதை வாய் பிளந்து பார்த்தது. உள்ளிருந்து ஒரு கை வந்து திரையை இழுத்து மூடியது. பிள்ளை மறுபடி விலக்கியது. கை மறுபடி வந்தது. ஏதோ கல்யாண வீட்டு மருதோன்றி வெளிறிப்போன, கோபமே இல்லாத கை. என் பார்சல் வந்தது, நிந்தவூருக்குத் திரும்பிவிட்டேன்.

இதில் உறக்கம் கெட என்ன இருக்கிறது?

பெருநாள் நெருங்கினால் மாளிகைக்காட்டிலிருந்து கல்முனை பஸார் வரை ஒரே வெளிச்சம். துணிக்கடைகளில் ஆட்சி பெண்களுடையது. மருதமுனைக் கைத்தறியை விரலால் தடவியே நூலின் தரம் சொல்வார்கள். சொன்ன விலையில் பாதிக்குக் கேட்பார்கள், வெளியே போய்விட்டுத் திரும்பவும் வருவார்கள். அங்கே எவரும் அவர்களைத் திரைபோட்டு மறைப்பதில்லை. நாலு கடை தள்ளி, பசிக்கும்போது மட்டும் திரை வேண்டியிருக்கிறது. அந்தக் கடையில் விற்கிற இடியப்பமும் ஏதோ ஒரு வீட்டுக் குசினியில் ஒரு பெண் பிழிந்ததாகத்தான் இருக்கும்.

அந்தக் கையை நான் முன்பே பார்த்திருக்கிறேன். 1990 ஆகஸ்ட்டில் காத்தான்குடிப் பள்ளிவாசல்களில் இஷாத் தொழுகையில் நின்றவர்களைச் சுட்டுக் கொன்ற பிறகு, எங்கள் கரை முழுக்க இரவு என்றாலே பயம். மஃரிபோடு தெரு வெறிச்சோடும். லாம்பு வெளிச்சம் வெளியே தெரியாமலிருக்க உம்மா ஜன்னலில் பழைய சாரனைக் கட்டிவிடுவா. நாய் குரைத்தால் நான் ஓரத்தை விலக்கி எட்டிப் பார்ப்பேன். உம்மாவின் கை வந்து மூடும். அந்தக் கைக்குக் காரணம் இருந்தது. யுத்தம் 2009இல் முடிந்துவிட்டது. கைக்குப் பழக்கம் விட்டுப்போகவில்லையோ, இல்லை, எனக்குத் தெரியாத வேறு காரணம் அதற்கு உண்டோ?

பள்ளிக்கூடத்தில் மதுரைக்காஞ்சி படித்ததில் பாதி மறந்துபோயிற்று. நினைவில் நிற்பது இரவுக் கடைத்தெருவும், பெண்கள் பிள்ளைகளைக் கூட்டிக்கொண்டு பௌத்தப் பள்ளிக்குப் போவதும், சாமம் ஏற ஏற அப்பம் விற்கிறவர் கடையிலேயே தூங்கிவிழுவதும். அந்தக் கூட்டத்தில் எட்டிப் பார்த்த பிள்ளையை யாரும் இழுத்தார்களா என்று புலவர் சொல்லவில்லை. நானும் அப்போது கேட்கவில்லை.

அவ்வளவு தூரம் ஏன் போக வேண்டும்? கல்முனைக்குடிக் கடற்கரைப் பள்ளியில் நாகூர் ஆண்டகை பெயரால் கொடியேறும் நாள்களில், இதே ஊர்ப் பெண்பிள்ளைகள் வளையலும் மஸ்கட்டும் வாங்கிக்கொண்டு மணலில் இரவுவரை திரிவார்கள். அங்கே திரை போடக் கம்பமுமில்லை.

மனைவியிடம் சொன்னேன். “உங்களுக்கென்ன தெரியும்? அந்தத் திரைக்குள்ளதான் எங்களுக்கு நிம்மதியாச் சாப்பிடலாம். வாயப் பாத்துக்கிட்டு ஆரும் இரிக்க மாட்டாங்க” என்றா. பேச்சு அடங்கிப்போனேன். அவ சொல்வது நியாயம். ஆனால் அந்தப் பிள்ளை யார் கண்ணுக்கும் பயந்ததாகத் தெரியவில்லை, அதற்குப் பார்க்க வேண்டும், அவ்வளவுதான். பிறர் பார்வையைத் தடுக்கிற துணியே அதன் பார்வையையும் தடுத்துவிடுகிறது. ஒன்றை விட்டு ஒன்றை மட்டும் மறைக்கிற துணியை எந்தத் தறியில் நெய்வது?

என் மகளுக்கு ஏழு வயது. இப்போது வெளிமேசையில், கொத்துக்காரருக்கு நேரே உட்கார்ந்து சாப்பிடுகிறாள். இன்னும் மூன்று நான்கு பெருநாள் போனால் யாராவது ஒருவர், அநேகமாக நானேதான், “உள்ளுக்கு வா மகள்” என்று சொல்லக்கூடும். சொல்ல மாட்டேன் என்றுதான் இன்றைக்கு நினைக்கிறேன். பக்கத்து மேசையில் யார் இருக்கிறார்கள் என்று பார்த்துவிட்டுத்தான் அதையும் நினைக்கிறேன்.