ஆற்றின் இரு கரை

அமெரிக்காவில் நேஷனல் மெரிட் உதவித்தொகைக்கு முதல் வாசல், பதினோராம் வகுப்பில் எழுதும் பிஎஸ்ஏடி தேர்வு. உதவித்தொகைக்குக் கணக்கிடும் தேர்வுக் குறியீட்டின் உச்சம் 228 புள்ளி. அரையிறுதி இடங்களை, பள்ளி முடிக்கும் பிள்ளைகளின் எண்ணிக்கைப்படி மாநிலங்களுக்குப் பிரிக்கிறார்கள். அதனால் கட்-ஆஃப் மாநிலத்துக்கு மாநிலம் மாறும். நியூ ஜெர்சியில் நூலிழையில் தவறிய மதிப்பெண், டெலவேர் ஆற்றுக்கு அந்தப் பக்கம் பென்சில்வேனியாவில் ஜெயித்திருக்கும். ‘என்னங்க நியாயம் இது?’ன்னு கோபம் வரத்தான் செய்யும்.

எனக்கென்னவோ, இந்தத் தேர்விலேயே நேர்மையான விதி அதுதான் என்று படுகிறது. மதிப்பெண்ணில் மூளை மட்டுமில்லை, ஊரும் பள்ளியும் கோச்சிங் காசும் சேர்ந்திருக்குன்னு அரைமனசாகவாவது ஒத்துக்கொள்கிறது. அரைமனசுதான். நியூ ஜெர்சிக்குள் வசதியான பிரின்ஸ்டனுக்கும் ஏழை கேம்டனுக்கும் ஒரே கோடு. கேம்டன் இருப்பது அதே ஆற்றங்கரையில், எதிரே பிலடெல்பியா. அதன் பணக்காரப் புறநகர்ப் பிள்ளைக்கு, கேம்டன் பிள்ளையைவிடக் குறைந்த மதிப்பெண் போதும்.