ஓசிக் காற்று

ஈஸ்ட் ஹாமின் தென்பக்கத்திலிருந்து ஸ்ட்ராட்ஃபோர்டு ஒலிம்பிக் பூங்காவுக்குச் சைக்கிளில் போக நல்ல வழி கிரீன்வே. பத்தொன்பதாம் நூற்றாண்டில் பாஸல்ஜெட் கட்டிய கழிவுநீர்க் குழாய்களின் மேல் போகும் பாதை அது. கோடையில் மூக்கே சொல்லிவிடும். பூங்காவின் வடகோடியில் லீ வேலி வெலோபார்க். 2012 ஒலிம்பிக்குக்குக் கட்டிய சைக்கிள் அரங்கத்தை ஒட்டி, கார் வராத ஒரு மைல் சுற்றுச்சாலை. அங்கே டுயத்லான் போட்டிகள் நடக்கும்: ஓட்டம், சைக்கிள், மறுபடி ஓட்டம். குறுந்தூரம் என்றால் வழக்கமாக 5 கிலோமீட்டர், 20, பிறகு 2.5. நீச்சல் கிடையாது என்பதால் குளிர் விடாத மாதங்களிலும் நடத்தலாம். முதல்முறை வருபவரும் பல வருடம் ஓடித் தேர்ந்தவரும் ஒரே தடத்தில்.

இந்தப் போட்டிகளில் என்னை யோசிக்க வைப்பது காற்று பற்றிய விதி. சமதரையில் வேகமாக மிதிப்பவருக்கு முதல் எதிரி காற்றுதான். இன்னொருவரின் பின்சக்கரத்தை ஒட்டிப் போனால் நாலில் ஒரு பங்கு உழைப்பு மிச்சமாகலாம், சில நேரம் அதற்கு மேலும். முன்னணி வீரர்களின் டிரையத்லானில் 1995 முதல் இதற்கு அனுமதி உண்டு. நம்மைப் போன்றவர்களின் போட்டிகளில் பெரும்பாலும் தடை. முன்னால் போகிறவருக்கும் உங்களுக்கும் இடையே 10 மீட்டர் இருக்க வேண்டும். முந்துவதானால் 20 விநாடிக்குள் முந்திவிட வேண்டும்.

பின்னால் ஒட்டிப் போவது ஏன் தப்பு? முன்னவர் எதையும் இழப்பதில்லை. பின்னால் ஆள் இருந்தால் அவருக்கும் துளி லாபம் என்கிறது இயற்பியல். பக்கத்து வீட்டு வேப்பமரத்தின் நிழல் என் வாசலில் விழுந்தால் மரத்துக்கு என்ன குறை? ஆனால் கடைசியில் இருவரையும் வரிசைப்படுத்தப் போகிறார்கள். அந்த நொடியில் நிழல் களவாகிவிடுகிறது. குற்றம் காற்றில் இல்லை, பட்டியலில் இருக்கிறது.

நம் ஊர்க்கதையும் இதுதான். இன்று ஹீத்ரோவில் இறங்கும் மாணவர் அன்று மாலையே ஈஸ்ட் ஹாம் ஹை ஸ்ட்ரீட் நார்த்தில் முருங்கைக்காய் வாங்கலாம், தமிழில் விசாரித்து ஓர் அறையும் பிடிக்கலாம். எண்பதுகளில் இலங்கையிலிருந்து வந்தவர்கள் எதிர்காற்றில் மிதித்த தெரு அது. அவர்கள் கடை திறந்தது பிழைப்புக்காக, எனக்காக அல்ல. வள்ளுவரின் செய்ந்நன்றி அறிதல் அதிகாரம் உதவி செய்தவரைப் பற்றிப் பேசுகிறது. தன் வேலையைப் பார்த்துக்கொண்டே தற்செயலாக உதவிவிட்டவரை அதில் எங்கே வைப்பது? ‘நாங்கள் பட்ட பாடு உங்களுக்குத் தெரியுமா’ என்று மூத்தவர்கள் கேட்கும்போது அவர்கள் கடனைத் திருப்பிக் கேட்பதாக எனக்குத் தோன்றவில்லை. வீடு, கார், பிள்ளைக்குக் கிராமர் ஸ்கூல் இடம் என்று நாமே ஒரு பட்டியல் போட்டு, பின்னால் வந்தவரை மேலே எழுதுகிறோம். உறுத்துவது அதுதான்.

புதியவரை அதிகம் அலைக்கழிக்கும் விதி ஒன்று உண்டு. முந்தப்பட்டவர்தான் பின்வாங்கி 10 மீட்டர் விட வேண்டும். வலுவானவர் தாண்டிப் போவார், பலவீனமானவர் கால் தளர்த்த வேண்டும். 20 கிலோமீட்டருக்கு 12 சுற்றுக்கு மேல் ஆகும். அதற்குள் ஒரு புதியவரை முன்னணியினர் சிலமுறை தாண்டிவிடுவார்கள். நெருங்கி ஓட்டிப் பழகாதவர் சக்கரம் உரசி விழுவார் என்ற காரணம் நியாயமானதே. ஆனால் ‘ஏமாற்றுதல்’ என்ற சொல்லை அவர்மேல் போடுவதை நான் ஏற்கமாட்டேன். முடித்தால் போதும் என்று வந்தவர் யாருடைய இடத்தையும் பிடிக்கவில்லை.

ஒட்டிப் போக அனுமதியுள்ள பந்தயங்களில் நிலைமை வேறு. அங்கே விதி எதுவும் சொல்லாது, வழக்கம் மட்டும் உண்டு. முன்னால் இழுத்துக் களைத்தவர் திரும்பிப் பார்க்காமல் முழங்கையை லேசாக அசைப்பார்: இனி நீ வா. புதியவருக்கு அந்தச் சைகையே புரியாது. புரிந்தாலும் முன்னால் போகத் தெம்பிருக்காது. அவரை யாரும் கோபிப்பதில்லை. தெம்பிருந்தும் அந்த முழங்கையைப் பார்க்காததுபோலக் குனிந்துகொள்கிறவர் ஒருவர் உண்டு. கடைசி 200 மீட்டரில்தான் அவர் தலை நிமிரும்.