கடன் கொடுத்தவரே ஏலம் விடலாமா?

கடலூர் முதுநகர் துறைமுகத்திலும், சிதம்பரத்துக்குக் கிழக்கே கிள்ளை, முடசல் ஓடைப் பக்கத்துக் கரைகளிலும் மீனை ஏலம் விடும் கமிஷன்காரர் பல நேரங்களில் அந்தப் படகுக்குக் கடன் கொடுத்தவராகவும் இருக்கிறார். படகுக்கும் வலைக்கும் எஞ்சினுக்கும் அவர் முன்பணம் தருகிறார். பிடித்த மீனை அவர் வழியாகவே விற்பதாக மீனவர் ஒப்புக்கொள்கிறார். ஒவ்வொரு ஏலத்திலும் கமிஷன் கழிகிறது. தமிழகக் கடற்கரையில் இது பழகிப்போன ஏற்பாடு. ஆனால் சட்டத்தின் கண்ணுக்கு இந்த உறவு தலைகீழாகத் தெரிகிறது. மீன் மீனவருடையது, ஆகவே அவர்தான் முதன்மையாளர், கமிஷன்காரர் அவருக்காக விற்கும் முகவர். கரையில் யார் யாருக்குக் கட்டுப்பட்டு நிற்கிறார்கள் என்பதைப் பார்த்தவர்கள் இதை எளிதில் நம்பமாட்டார்கள்.

1872ஆம் ஆண்டின் இந்திய ஒப்பந்தச் சட்டம் 182 முதல் 238 வரையுள்ள பிரிவுகளில் முகவரின் கடமைகளைச் சொல்கிறது. கேட்டபோது கணக்குக் காட்ட வேண்டும் என்பது 213. முதன்மையாளருக்குத் தெரியாமல் தன் பொருட்டே வியாபாரம் செய்து முகவர் அடைந்த ஆதாயத்தை முதன்மையாளர் கோரலாம் என்பது 216. ஏலம் விடுபவரே பினாமி பெயரில் மீனை எடுத்து மறுவிற்பனையில் சம்பாதித்தால், அந்த லாபம் மீனவருக்குச் சேர வேண்டியது. இவற்றோடு 202ஆம் பிரிவும் நிற்கிறது: விற்கப்படும் பொருளிலேயே முகவருக்கு உரிமைநலன் இருந்தால், அதற்குக் கேடாக முகவாண்மையை முறிக்க முடியாது. நிலத்தை விற்றுத் தன் கடனை எடுத்துக்கொள்ள அதிகாரம் பெற்றவர் இதற்குச் சட்டமே தரும் எடுத்துக்காட்டு. கடன் கொடுத்தவரின் பணத்துக்குக் காவல் வேண்டும் என்ற அந்த எண்ணத்தில் தவறில்லை. ஆனால் அந்தப் பிரிவு மனத்தில் கொண்டிருப்பது கடன் அடைய வேண்டும் என்று விரும்பும் ஒருவரை. கரையில் பல முன்பணங்களுக்குத் தனி வட்டி கிடையாது, கமிஷன்தான் வருமானம். கடன் அடைந்துவிட்டால் மீனவர் வேறு ஏலக்காரரிடம் போகலாம். கடன் அடையாமலிருப்பதில்தான் முகவருக்கு லாபம். கமிஷன் வரும் என்ற எதிர்பார்ப்பை மட்டும் 202 காப்பதில்லை. கரையிலோ கட்டிப்போடுவது அந்த எதிர்பார்ப்புதான். அறம் பிசகும் இடம் கடனன்று, இந்தப் பிணைப்பு.

ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை 61 நாள் மீன்பிடித் தடைக்காலத்தில் விசைப்படகுக் குடும்பங்களுக்கு வேறு யார் பணம் தருவார்கள் என்று கேட்பார்கள். நியாயமான கேள்வி. இரவில் எஞ்சின் பழுதானாலும், வீட்டில் சாவு விழுந்தாலும் கமிஷன்காரரின் கதவு திறக்கும். வங்கியின் கதவு திறக்காது. படகு மூழ்கினால் பணம் போகும் என்று தெரிந்தே அவர் கொடுக்கிறார். அந்தத் துணிவுக்குக் கூலி உண்டு. அதைப் பேசி, எழுதி வாங்கட்டும். விலை மறைவாகவும் கணக்கு வாய்ச்சொல்லாகவும் இருக்கும்போது, கூலி எங்கே முடிந்து சுரண்டல் எங்கே தொடங்குகிறது என்று யாராலும் பிரித்துச் சொல்ல முடியாது. மீனவர் மனமொப்பித்தானே ஒப்புக்கொண்டார் என்பது இன்னொரு வாதம். ஒருவரின் விருப்பத்தை ஆளும் நிலையில் இருப்பவர் அதைக் கொண்டு தகாத ஆதாயம் பெறுவதை அதே சட்டத்தின் 16ஆம் பிரிவு ஒப்பந்தக் குறையாகவே பார்க்கிறது. அடுத்த நடைக்கு டீசல் போட அவரையே நம்பியிருப்பவரின் சம்மதத்தை அதற்குள்ள எடைக்கு மேல் மதிக்கக் கூடாது.

மாற்று வழி கற்பனையன்று. 1980இல் உருவான தென்னிந்திய மீனவர் சங்கக் கூட்டமைப்பின் கீழ், கேரளத்திலும் கன்னியாகுமரி மாவட்டத்திலும் கரைச் சங்கங்களே ஏலத்தை நடத்தி, விற்ற பணத்திலிருந்து கடன் தவணையையும் சேமிப்பையும் பிடித்துக்கொண்டன. அங்கேயும் கடன் மீனோடு கட்டப்பட்டதுதான். ஏலம் விடுபவரைத் தேர்ந்தெடுக்கும் உரிமை மட்டும் மீனவர் கைக்கு வந்தது. கடலூரில் நாளைக்கே அத்தகைய சங்கம் எழாவிட்டாலும், ஒவ்வொரு ஏலத்துக்கும் விலையும் கமிஷனும் மீதிக் கடனும் எழுதிய சீட்டைக் கமிஷன்காரர் தரலாம். கடனை எந்த நாளிலும் அடைத்து விலகலாம் என்று முன்பணம் கொடுக்கும்போதே எழுதிக் கொடுக்கலாம். இதற்குப் புதுச் சட்டம் எதுவும் வேண்டியதில்லை. அப்படி எழுதிக் கொடுக்க மறுப்பவர், தன் முதன்மையாளர் கடனில்லாத மனிதராவதை விரும்பவில்லை என்பதையே ஒப்புக்கொள்கிறார்.