கண்மலர் சாத்திய கல்

தை ஐந்தாம் நாள் மணலூர்பேட்டையில் ஆற்றுத் திருவிழா. தென்பெண்ணையில் தீர்த்தவாரிக்காகத் திருவண்ணாமலையிலிருந்து அண்ணாமலையார் வருவார். சுற்றுப்பட்டு ஊர்ச் சாமிகளும் வந்து சேரும். தீர்த்தவாரி என்றால் வழக்கமாக நீரில் முழுகுவது அஸ்திரதேவரான சூலம். அதற்கு முகம் கிடையாது. கூட்டமோ மாலைகளுக்கு நடுவே தெரியும் உற்சவர் முகத்தைத்தான் எட்டி எட்டிப் பார்க்கும். கருவறையில் லிங்கமாக இருப்பவருக்கு வெளியே வரும்போது மட்டும் முகம் எதற்கு? மூளையியலிடம் இதற்கு ஒரு பதில் இருக்கிறது. அந்தப் பதிலைக் கையில் வைத்துக்கொண்டு பக்திக்கே கணக்கு முடித்துவிடலாம் என்று நினைப்பவர்களும் இருக்கிறார்கள்.

மூளையின் அடிப்புறத்தில், பெரும்பாலும் வலப்பக்கம் ஓங்கி, முகங்களுக்கென்றே விழித்துக்கொள்ளும் ஒரு பகுதி உண்டு என்று 1997-ல் நான்சி கன்விஷரும் உடன் ஆய்ந்தவர்களும் காட்டினார்கள். முகம் கண்ணில் பட்டு ஏறத்தாழ 170 மில்லி நொடியில் அதற்கான மின் அலை மூளையில் எழுந்துவிடுகிறது. பிறந்த சிசுகூட, மேலே இரண்டு புள்ளி, கீழே ஒன்று என்றிருந்தால் அந்தப் பக்கம் திரும்பும். உருண்டைக் கல்லுக்கு மஞ்சள் பூசி, குங்குமம் இட்டு, இரண்டு வெள்ளிக் கண்மலரைச் சாத்தினால் போதும். மூக்கும் வாயும் இல்லாமலே கல் நம்மைப் பார்க்கத் தொடங்கிவிடும். மேகத்தில் முகம் காணும் இந்தப் பழக்கத்தின் நீட்சியே மதம் என்று அமெரிக்க மானிடவியலாளர் ஸ்டூவர்ட் கத்ரி 1993-ல் ஒரு நூலே எழுதினார். பாறையைக் கரடியென்று எண்ணி ஓடியவனுக்குக் கால்வலியோடு போகும். கரடியைப் பாறையென்று எண்ணியவன் திரும்பி வரமாட்டான். அதனால் ஆளில்லாத இடத்திலும் ஆளைக் காணப் பழகிய மனம், கடவுளையும் கண்டுகொண்டது என்பது அவர் கணக்கு.

கெட்டிக்கார வாதம்தான். ஆனால் கும்பிடுகிறவர் ஏமாந்துபோயிருக்கிறார் என்பதை அது விசாரிக்காமலே எடுத்துக்கொள்கிறது. கயிற்றைப் பாம்பென்று அலறுகிறவனுக்கு அது கயிறென்று தெரியாது. கடையில் பேரம் பேசிக் கண்மலர் வாங்கி வந்தவருக்கு எது வெள்ளி, எது கல் என்று தெரியாதா என்ன? சிலைக்குக் கண் திறப்பதைச் சிற்பி கடைசி வேலையாக வைத்து, அதைச் சடங்காகவே செய்கிறார். அருவம், உருவம், அருவுருவம் என்று பிரித்து லிங்கத்தை அருவுருவத்தில் வைத்த சைவ சித்தாந்தமும் முகத்தைப் பற்றி ஏமாந்ததாகத் தெரியவில்லை. இங்கே முகம் நாமாகக் கொடுப்பது.

தெரிந்தே கொடுத்தாலும் மிஞ்சுவது வெறும் உணர்ச்சிதானே என்று கேட்கலாம். அந்த ‘வெறும்’ எவ்வளவு கனமானது என்பதை, தமிழரான வி. எஸ். ராமச்சந்திரன் ஹிர்ஸ்டைன் என்பவரோடு சேர்ந்து 1997-ல் எழுதிய காப்கிராஸ் நோயாளியின் கதை சொல்கிறது. தலையில் அடிபட்ட அந்த இளைஞருக்குப் பெற்றோரின் முகம் தெளிவாகவே தெரிந்தது. ஆனாலும் எதிரே நிற்பவர்கள் அவர்களைப் போலவே இருக்கும் வேற்றாட்கள் என்று சாதித்தார். அதே பெற்றோர் தொலைபேசியில் பேசினால் சந்தேகமே வரவில்லை. முகத்தைக் கண்டறியும் இடத்துக்கும் நெஞ்சம் இளகும் இடத்துக்கும் நடுவே வழி அறுந்துவிட்டது என்பது ராமச்சந்திரனின் விளக்கம். வடிவம் அச்சாகப் பொருந்தியும் அம்மா அம்மாவாகவில்லை. ஒருவரை ‘இவர்தான்’ என்று அறிவதில் அன்புக்கும் பங்கு உண்டென்றால், அதை அறிவிலிருந்து கழித்துவிட முடியாது. இதனால் கடவுள் உண்டென்று நிரூபணமாகிவிட்டதா? இல்லை, அப்படிச் சொல்வது கத்ரியின் அவசரத்தையே மறுபக்கம் திருப்பிவைப்பதாகும். முகம் காணும் பகுதி மூளையில் இருப்பதால் அம்மா இல்லாமல் போய்விடுவதில்லை. அதே பகுதி சாமியைப் பொய்யாக்கவும் போதாது.

ஆட்சேபம் இன்னொன்றும் உண்டு: முகத்தை எடுத்துவிட்டால் பக்தி கலைந்துவிடாதா? கலைவதில்லை என்பதை அபிஷேக நேரத்தில் பல கோயில்களில் பார்க்கலாம். கவசத்தைக் கழற்றி, கண்மலரை எடுத்துத் தட்டில் வைத்துவிடுகிறார் குருக்கள். எண்ணெயும் பாலும் வழிந்தோட நிற்பது வெறுங்கல், எல்லார் கண்ணெதிரிலும். ஒருவரும் எழுந்து போவதில்லை. பால் செம்பை உள்ளே நீட்டி, அபிஷேகத்தையே கண்கொட்டாமல் பார்க்கிறார்கள். துடைத்து முடித்ததும் கண்மலர் மறுபடி ஏறுகிறது, கொஞ்சம் கோணலாக. குருக்கள் கட்டைவிரலால் அதை நேராக்குகிறார்.