ஏறுகிறவருக்கு வழி

வேகத்தை விரும்புவது குற்றமா? வளர்ந்த பிள்ளைகள் உள்ள வீடுகளில் என்றேனும் ஒரு நாள் எழாமல் இராத வினா இது. பெரியவர்கள் 'ஆம்' என்று கண்டிக்கிறோம்; இளைஞர்கள் 'இல்லை' என்று சிரிக்கிறார்கள். சேலத்திலிருந்து ஏற்காட்டுக்கு ஏறும் மலைப்பாதையில் விடுமுறை நாள்களில் சீறிச் செல்லும் வண்டிகளைக் காணும்போது, கண்டனமும் போதாது, சிரிப்பும் போதாது, சற்று நின்று சிந்திக்க வேண்டும் என்றே தோன்றுகிறது.

முதலில் இளைஞர் பக்கத்து நியாயத்தைக் கேட்போம். நண்பர்கள் நால்வர் பணம் சேர்த்து, பழைய மாருதி 800 வண்டியின் இன்ஜின் ஒன்றை வாங்கிப் பிரிக்கிறார்கள் என்று வைத்துக்கொள்வோம். மூன்று சிலிண்டர்களும் 796 சி.சி. கொள்ளளவும் கொண்ட சிறிய இன்ஜின் அது. தேய்ந்த சிலிண்டர்களை லேத் பட்டறையில் கொடுத்துக் கடைய வேண்டும். அவற்றுக்கேற்ற பிஸ்டன்களைத் தேட வேண்டும். ரிங்குகளின் இடைவெளியை ஃபீலர் கேஜ் வைத்து அளக்க வேண்டும். சிலிண்டர் ஹெட்டின் போல்ட்டுகளை நடுவில் தொடங்கி வெளிப்புறமாக, ஒரே மூச்சில் அன்றிப் படிப்படியாக முறுக்க வேண்டும். ஒன்றை மட்டும் முழுதும் முறுக்கிவிட்டால் ஹெட் கோணும். கேஸ்கெட் வழியே அழுத்தம் கசியும். எல்லாம் முடிந்த பின்னும், புதிதாகப் பூட்டிய இன்ஜினை முதல் சில நூறு கிலோமீட்டர் மென்மையாகவே ஓட்ட வேண்டும். வேகத்துக்காகத் தொடங்கிய வேலை, பொறுமையைக் கற்பித்துவிடுகிறது! பொய்க்கு இடமில்லாத கல்வி இது. அளவு தவறியிருந்தால் இன்ஜினே புகை கக்கிக் காட்டிக் கொடுத்துவிடும்.

இந்தக் கல்விக்கு நம் கொங்கு மண்ணில் பழைய மரபு உண்டு. ஜி. டி. நாயுடு (1893–1974) உணவு விடுதியில் வேலை பார்த்துச் சேர்த்த பணத்தில் ஒரு மோட்டார் சைக்கிளை வாங்கி, அதைப் பிரித்துப் பூட்டியே இயந்திரத்தின் இலக்கணத்தைக் கற்றார். 1920இல் ஒரே ஒரு பேருந்தோடு பொள்ளாச்சிக்கும் பழனிக்கும் இடையே தொழில் தொடங்கினார். பின்னர் அதே கோவையில் எஸ். கரிவர்தன், மாருதி 800 இன்ஜினையே பூட்டி, எளிய செலவில் ஒற்றை இருக்கைப் பந்தய வண்டிகளை உருவாக்கினார். அத்தகைய வண்டியில் பந்தய வாழ்வைத் தொடங்கிய நரேன் கார்த்திகேயன், 2005இல் ஃபார்முலா ஒன்று பந்தயத்தில் ஓட்டிய முதல் இந்தியரானார். 1995இல் வானூர்தி விபத்தில் மறைந்த கரிவர்தனின் பெயரையே, 2003இல் கோவை செட்டிபாளையத்தில் திறக்கப்பட்ட பந்தயத் தளம் தாங்கி நிற்கிறது.

கோ-கார்ட்டும் இவ்வாறு பட்டறையில் பிறந்த பிள்ளைதான். 1956இல் கலிபோர்னியாவில், பந்தய வண்டி செய்யும் பட்டறையில் பணிபுரிந்த ஆர்ட் இங்கெல்ஸ், தம் நண்பர் லூ பொரெல்லியின் துணையோடு, இரும்புக் குழாய்ச் சட்டத்தில் புல்வெட்டும் இயந்திரத்தின் இன்ஜினைப் பூட்டி முதல் வண்டியைச் செய்தார். இன்று அது கூரையின் கீழும் ஓடுகிறது. தரையோடு தரையாக அமர்ந்து ஓட்டுவதால் சிறு வேகமும் பெருவேகமாக உணரப்படுகிறது. வளைவுகளின் ஓரத்தில் டயர்கள் அடுக்கியிருக்கின்றன. மஞ்சள் கொடி அசைந்தால் எவரும் எவரையும் முந்தக்கூடாது; சிவப்புக் கொடி அசைந்தால் பந்தயம் நின்றுவிடும். முந்துவதற்கென்றே வந்தவர்கள் முன்பின் அறியாத ஒருவரின் கையசைவுக்கு அக்கணமே பணிகிறார்கள். முடிந்ததும் தோற்றவர் வென்றவரின் தோளில் கைபோட்டு வெளியே வருகிறார். இதில் குற்றம் எங்கே?

குற்றமில்லை என்றே நம் மரபும் சொல்லும். உழைத்த உடலுக்கு ஓய்வு வேண்டியிருப்பதுபோல் உழைத்த மனத்துக்கு விளையாட்டு வேண்டும் என்று புனித தாமஸ் அக்குவினாஸ் கற்பித்தார். விளையாட்டே அறியாமல், பிறர் மகிழ்ச்சிக்கும் தடையாயிருப்பதை அவர் குறையென்றே கருதினார். ஆனால் ஒரு நிபந்தனையும் விதித்தார்: விளையாட்டு ஆளுக்கும் காலத்துக்கும் இடத்துக்கும் பொருந்த வேண்டும். நம் வினாவின் முடிச்சு இந்த 'இடம்' என்ற சொல்லில்தான் இருக்கிறது.

சேலம் கடல்மட்டத்திலிருந்து ஏறத்தாழ 280 மீட்டர் உயரம். ஏற்காடு ஏறத்தாழ 1,500 மீட்டர். இடையே 20 கொண்டை ஊசி வளைவுகள். வளைவுக்கு அப்பால் வருவது யார்? காப்பித் தோட்ட வேலைக்குப் போகும் பெண்ணாக இருக்கலாம். பள்ளி விட்டு வரும் பிள்ளையாக இருக்கலாம். நிறைமாதக் கர்ப்பிணியைச் சேலத்துக்கு இறக்கிவரும் வண்டியாக இருக்கலாம். வேகம் இரு மடங்கானால், பிரேக் பிடித்தபின் வண்டி ஓடி நிற்கும் தூரம் நான்கு மடங்காகும். வளைவில் எதிரே ஆள் தெரியும்போது அந்தத் தூரம் மிஞ்சியிருப்பதில்லை. பந்தயத் தளத்தில் இறங்கியவர் ஒவ்வொருவரும் ஆபத்தை அறிந்து ஒப்புக்கொண்டவர். மலைப்பாதையில் நடப்பவரை அவ்வாறு எவரும் கேட்கவில்லை. கேளாமலே அவர் உயிரைப் பந்தயத்தில் வைக்கிறோம். சூதாடி தன் பணத்தை வைப்பது ஒன்று. அயலான் பணத்தை வைப்பது வேறொன்று.

அரசின் அனுமதியின்றிப் பொது இடத்தில் பந்தயம் ஓட்டுவதை 1988ஆம் ஆண்டின் மோட்டார் வாகனச் சட்டம் தன் 189ஆம் பிரிவில் தண்டிக்கிறது. 1992இல் வெளிவந்த திருச்சபையின் மறைக்கல்வி ஏடோ, வேக மோகத்தால் தம் உயிரையும் பிறர் உயிரையும் ஆபத்துக்குள்ளாக்குவதைப் பெரும் குற்றமென ஐந்தாம் கட்டளையின் கீழ் வைத்துப் பேசுகிறது. சாலைப் பிழையைக் காவல் நிலையத்தோடு முடிந்துவிடும் சிறு பிழையாக எண்ணும் நமக்கு இது உறைக்க வேண்டும்.

'என் உயிர்தானே, எனக்கில்லாத கவலையா?' என்று ஓர் இளைஞர் கேட்கலாம். வளைவுக்கு அப்பால் ஒருவரும் இல்லாவிட்டாலும், மருத்துவமனை வாசலில் நிற்கப்போகும் தாய் இருக்கிறாள். எந்த உயிரும் தனியொருவருடையதன்று.

இன்னொரு நியாயத்துக்குத்தான் நம்மிடம் எளிதில் விடையில்லை. 'தளத்தில் ஓட்டப் பணம் வேண்டும். சாலை இலவசம்' என்று இளைஞர் சொன்னால் என்ன செய்வோம்? வசதியுள்ளவனின் வேகம் விளையாட்டென்றும், இல்லாதவனின் வேகம் குற்றமென்றும் பெயர் பெறுவது நீதியா? அதற்காகச் சாலைப் பந்தயம் சரியாகிவிடாது. ஆனால் கண்டிப்பதோடு நம் கடமை தீர்ந்துவிடுவதும் இல்லை. தொழிற்பயிற்சி நிலையங்களையும் பாலிடெக்னிக்குகளையும் நடத்தும் நாம், அங்கே ஒரு பழைய இன்ஜினையும் சில மாலை நேரங்களையும் ஒதுக்க முடியாதா? சுற்றுமதிலுக்குள் ஓட்டிப்பார்க்க ஓர் இடமும், பொறுப்போடு கொடி பிடிக்க ஒரு பெரியவரும் கிடைக்கமாட்டார்களா? 'வேண்டாம்' என்று சொல்கிறவர், 'இங்கே வா' என்று சொல்லவும் கடமைப்பட்டவர்.

மலைச்சாலைக்கு விதியொன்று உண்டு. இரு வண்டிகள் விலக இடமில்லாத இடத்தில், இறங்குகிறவர் நின்று ஏறுகிறவருக்கு வழிவிட வேண்டும். இறங்குகிறவருக்கு வேகம் எளிதில் வரும். ஏறுகிறவருக்கோ, நின்றுவிட்டால் மீண்டும் புறப்படுவது கடினம். எளிதாய்ப் போகக்கூடியவர் அரிதாய் வருகிறவருக்காக நிற்க வேண்டும் என்பதே அதன் பொருள். இன்ஜினைத் தன் கையால் பூட்டிய இளைஞருக்கு, சுமையோடு ஏறும் வண்டியின் திணறல் காதில் விழும். அவர் நிற்பார். அவ்வாறு நிற்கத் தெரிந்தவரின் வேகத்தைக் குறித்து நாம் அஞ்ச வேண்டியதில்லை.