மங்கலும் இன்மையும்

சீடன்: சுவாமி, இந்த ஏட்டின் பின்பக்கம் முழுவதும் எழுத்து அழிந்துவிட்டது. அடுத்த ஏட்டுக்குப் போகலாமா?

குரு: அழிந்துவிட்டது என்று எதைக் கொண்டு சொல்லுகிறாய்?

சீடன்: கண்ணுக்கு ஒன்றும் தெரியவில்லை. ஓலை வெறும் பழுப்பாக இருக்கிறது.

குரு: விளக்குக் கரியைக் கோவையிலைச் சாற்றில் குழைத்து வைத்திருக்கிறேனே, அதில் துணியைத் தோய்த்து ஓலையின்மேல் பரவத் தடவி, ஈரம் உலருமுன் வேறொரு துணியால் துடைத்துவிட்டு அப்புறம் பார்.

சீடன்: ஆச்சரியந்தான்! வரி வரியாக எழும்புகிறதே. ஆனால் இங்கே, கயிறு கோக்கும் துளைக்குப் பக்கத்தில், மூன்று நான்கு எழுத்துக்கள் எவ்வளவு தடவினாலும் வரவில்லை.

குரு: அங்கே எப்படி வரும்? அது பூச்சி அரித்த இடம், ஓலையே இல்லை. எழுத்தாணி கீறிய பள்ளம் உள்ளவரையில், மை போனது நிறம் போனதே அன்றி எழுத்துப் போனதாகாது. இவ்விரண்டையும் நீ ‘அழிந்தது’ என்னும் ஒரே வினையால் சொல்லிவிட்டாய். ஏடு படிக்கிறவன் அப்படிச் சொல்லலாகாது.

சீடன்: தர்க்கம் கற்றவர்கள் என் பக்கம் பேசுவார்களே! அபாவம் என்பதை ஏழாவது பதார்த்தமாக எண்ணி, அதனை நான்காக வகுத்து, முன்பு இருந்த ஒன்று நசித்துப்போவதைப் பிரத்வம்ஸாபாவம் என்கிறார்கள். மையின் கருமை இருந்தது, போயிற்று. மங்குவதும் ஒரு சிறு நாசந்தானே?

குரு: அவர்கள் அப்படித்தான் சொல்வார்கள். பச்சை மண் குடம் சூளையில் வெந்து சிவக்கும்போது கருமை தேய்ந்து சிவப்பாயிற்று என்று அவர்கள் ஒப்பமாட்டார்கள். பழைய நிறம் நசித்துப் புதிய நிறம் பிறந்தது என்பார்கள். இந்தப் பிறப்பு அணுக்களில் நிகழ்கிறதா, குடம் குடமாகவே இருக்கையில் நிகழ்கிறதா என்று வைசேஷிகரும் நையாயிகரும் தமக்குள் நடத்திய வாதம் மிகவும் சூக்ஷ்மமானது. நமக்கு இப்போது அது வேண்டாம். தொல்காப்பியனார் உரியியலில் ஓய்தல், ஆய்தல், நிழத்தல், சாய்தல் என்னும் நான்கு சொற்களை ஒரு சூத்திரத்தில் கூட்டிவைத்து, உள்ள பொருளொன்று நுணுகுவதே இவற்றின் பொருள் என்கிறாரே, அதைக் கவனித்தாயா? இல்லாமற்போவது என்று அவர் சொல்லவில்லை. உரையாசிரியர்களும் நிழத்தலுக்கு யானை இளைத்ததையும், சாய்தலுக்கு வெள்ளத்தின் கடுமை தணிந்ததையும் உதாரணமாகக் காட்டினார்கள். இளைத்தது யானைதான், வேறொரு பிராணி பிறந்துவிடவில்லை. பேச்சு வழக்கைப் பார். கத்தி மழுங்கிற்று, குரல் கம்மிற்று, மோர் நீர்த்தது, அப்பளம் நமுத்தது என்று குறைவுக்குக் குறைவு வேறு வினை வைத்திருக்கிறோம். ஒவ்வொரு வாக்கியத்திலும் எழுவாய் இன்னும் நின்றுகொண்டிருக்கிறது. நமுத்த அப்பளத்தை அனலில் காட்டுகிற பெண்பிள்ளை அது இன்னும் அப்பளந்தான் என்ற நம்பிக்கையில்தான் காட்டுகிறாள்.

சீடன்: ஆனால், சுவாமி, பசலை இந்த நியாயத்துக்கு அடங்கவில்லையே! தலைவியின் மேனி நிறம் குன்றியது என்று சொல்லவேண்டிய இடத்தில், பசலை பூத்தது, பாய்ந்தது, ஊர்ந்தது, மேனியை உண்டது என்றெல்லாம் புலவர்கள் பாடுகிறார்கள். இழப்பு எப்படி வந்து ஏறுகிற பொருளாகும்?

குரு: நல்ல இடத்தைத் தொட்டாய். குறுந்தொகையில் பரணர், ஊரார் நீருண்ணும் கேணித் துறையின் பாசியை அதற்கு உவமையாக வைத்தார். காதலர் தொடுந்தோறும் விலகி, விடுந்தோறும் பரவுவது என்பது அவர் கருத்து. பாசி படர்ந்தால் நீர் மறைகிறது, நீர் குறைவதில்லை. அவள் நிறம் போய்விட்டதென்றால் ஒருவன் கை பட்ட மாத்திரத்தில் அது எங்கிருந்து திரும்பி வரும்? அடியில் இருந்ததனால்தான் வருகிறது. பசலையை வந்தேறும் பொருளாகச் சொன்னது அலங்காரத்துக்காக மாத்திரம் அன்று, அவள் நிறத்தை இழந்தவளாகச் சொல்ல அவர்களுக்கு மனமில்லாமையாலும் என்பது என் அபிப்பிராயம்.

சீடன்: நரையும் விழுகிறது என்றுதானே சொல்கிறோம்? அது யார் தொட்டால் விலகும்?

குரு: என் தலையைப் பார்த்துவிட்டுக் கேட்கிறாய் போலிருக்கிறது. நரைக்கு அந்த உவமை பலிக்காது; வாதத்தை அவ்வளவு தூரம் இழுக்க நான் துணியமாட்டேன். எல்லா மங்கலும் மீளும் என்று நான் சொல்லவில்லை. மங்குகிறவரையில் பொருள் உண்டு என்றுதான் சொல்லுகிறேன். மீளுகிறதும் மீளாததும் வேறு விசாரணை.

சீடன்: இறந்தவரை ‘மறைந்தார்’ என்று பத்திரிகைகளில் எழுதுகிறார்களே, அதுவும் இந்தக் கணக்கில் சேருமா?

குரு: அது உபசாரம். துக்கத்தில் இருப்பவர்களுக்காகச் சொல்வதைத் தர்க்கத்தில் கொண்டுவந்து நிறுத்தாதே. ஆனால் நூல்களின் விஷயத்தில் உபசாரம் கூடாது. பதிற்றுப்பத்தின் முதற்பத்தும் பத்தாம் பத்தும் கிடைக்கவில்லை; 1904இல் அதனைப் பதிப்பித்த சாமிநாதையர் கிடைத்த எட்டுப் பத்துக்களைத்தான் அச்சிட்டார். இல்லாததை மங்கியது என்று பாவித்துத் தாமே இட்டு நிரப்பத் தெரியாதவரா அவர்? உனக்கும் எனக்கும் வராத சபலமா? ஆகவே அந்தத் துளை இருக்கும் இடத்தில் எத்தனை எழுத்துப் போயிருக்கும் என்று சீரை வைத்துக் கணக்கிட்டு, அத்தனை புள்ளி இட்டுக்கொள்.

சீடன்: இட்டுவிட்டேன், சுவாமி. ஆனால் துளையின் ஓரத்தில் பாதி எழுத்து ஒட்டிக்கொண்டிருக்கிறது. வளைவைப் பார்த்தால் ‘ப’ போலவும் இருக்கிறது, ‘ம’ போலவும் இருக்கிறது. இதற்குப் புள்ளி இடுவதா, எழுத்தை எழுதுவதா?

குரு: எங்கே, வெளிச்சத்தில் காட்டு. ஆமாம், இரண்டுக்கும் இடமிருக்கிறது. பொருளுக்கு எது பொருந்துகிறது?

சீடன்: இரண்டும் பொருந்துகின்றன.

குரு: அப்படியானால் இரண்டையும் பக்கத்தில் எழுதி, ஐயம் என்று குறித்துவை. மடத்திலிருந்து இதே நூலுக்கு இன்னொரு பிரதி வருவதாக இருக்கிறது. அதில் இந்த இடத்தைப் பூச்சி தொடாமல் விட்டிருந்தால் பார்த்துக்கொள்ளலாம். அடுத்த ஏட்டை எடு.