குடமும் கணக்கும்

நான் கடைசியாகப் பார்த்த தேர்தல் வேலை ஓர் ஊராட்சி வார்டு எண்ணிக்கை. இரண்டு பேருக்கும் சரிசமமாக ஓட்டு. இரண்டு சின்னங்களுக்கும் நடுக்கோட்டில் முத்திரை விழுந்திருந்த ஒரே ஒரு சீட்டை வைத்துக்கொண்டு முகவர்கள் அரை மணி நேரம் மல்லுக்கட்டினார்கள். அதைச் செல்லாது என்று ஒதுக்கி, மறுபடி எண்ணியும் அதே கணக்குதான். அதிகாரி இரண்டு துண்டுக் காகிதத்தில் பெயர்களை எழுதி, ஒரே மாதிரி நாலாக மடித்து, என் சாப்பாட்டு டப்பாவைக் கேட்டார். புளிச்சோற்று வாசம் போகாத டப்பா. குலுக்கி ஒன்றை எடுத்துப் படித்தார்.

தோற்றவர், "சரி சார், சாமி விட்ட வழி" என்று கும்பிட்டுவிட்டுப் போனார். அந்த நடுக்கோட்டுச் சீட்டுக்காகக் கோர்ட்டுக்குப் போவேன் என்று பத்து நிமிடம் முன்பு மேசையைத் தட்டியவர் அவர். ஊர்க்காரர் ஒருவர் போட்ட ஓட்டை ஏற்க மாட்டாராம், டப்பாவில் வந்த சீட்டை ஏற்பாராம்!

நாடாளுமன்றத் தேர்தலுக்கும் இதே வழிதான். 1951ஆம் ஆண்டு மக்கள் பிரதிநிதித்துவச் சட்டத்தின் 65ஆம் பிரிவு, சமமாக வந்தால் குலுக்கச் சொல்கிறது. யார் பெயர் வருகிறதோ அவருக்குக் கூடுதலாக ஓர் ஓட்டு விழுந்ததாகக் கொள்ள வேண்டும். யார் போட்ட ஓட்டு அது? முப்பது வருடம் கணக்கு வாத்தியாராக இருந்தவன் நான். என்னிடம் பதில் இல்லை. என் ஆயாவிடம் இருந்தது. வெள்ளைப் பூ ஒன்று, சிவப்புப் பூ ஒன்று என்று இலையில் பொட்டலம் கட்டி அம்மன் முன்னால் போட்டு, என்னை எடுக்கச் சொல்வாள். வெள்ளை வந்தால் அம்மன் உத்தரவு. சிவப்பு வந்தால், "புள்ள கைய சரியாக் கழுவல" என்று மறுபடியும் கட்டுவாள். ஆயாவைப் பார்த்துச் சிரிக்க வேண்டாம். ஐரோப்பிய ஒன்றியத்தின் லிஸ்பன் உடன்படிக்கையை 2008இல் அயர்லாந்து மக்கள் வேண்டாம் என்றபோது, அரசு அடுத்த வருடமே மறுபடி கேட்டு வெள்ளைப் பூ வாங்கிக்கொண்டது.

எங்கள் பக்கத்தில் உத்திரமேரூர். வைகுந்தப் பெருமாள் கோயில் சுவரில் பராந்தக சோழன் காலத்துக் குடவோலைக் கல்வெட்டு இருக்கிறது. ஆண்டு 919, 921. முப்பது குடும்புகளின், அதாவது வார்டுகளின், ஓலைகளையும் இட்ட குடத்தைச் சபை முழுக்கப் பார்க்கும்படி தூக்கிக் காட்ட வேண்டும். ஒன்றும் அறியாத சிறுபிள்ளை ஓலையை எடுக்க வேண்டும். வாங்குகிற நடுவர் ஐந்து விரலையும் விரித்து உள்ளங்கையில்தான் வாங்க வேண்டும். இதை எழுதியவர்களுக்கு மனிதக் கையைப் பற்றி நன்றாகத் தெரிந்திருக்கிறது. பிள்ளையின் அறியாமை ஞானத்தைக் கொண்டுவரும் என்று அவர்கள் நம்பியதாக எனக்குத் தோன்றவில்லை. பதவிக்குத் துடிக்கிறவனின் கை குடத்துக்குள் போகக்கூடாது, அவ்வளவுதான்.

பெருமை பேசுவதற்கு முன் ஒன்று. கால் வேலி நிலமும் சொந்த மனையில் வீடும் உள்ள, முப்பத்தைந்துக்கும் எழுபதுக்கும் இடைப்பட்ட, வேதம் கற்ற பிராமண ஆண்களின் பெயர்கள்தான் குடத்துக்குள் போயின. உழுதவன் பெயர் ஓலையில் ஏறவில்லை. 2020 டிசம்பரில் புதிய நாடாளுமன்றத்துக்கு அடிக்கல் நாட்டிய மேடையில் உத்திரமேரூரைப் புகழ்ந்து பேசியதைக் கேட்டபோது எனக்கு இதுதான் உறுத்தியது.

எல்லார் பெயரையும் குடத்தில் போட்டுப் பார்த்த ஊர் அதே அயர்லாந்து. கருக்கலைப்புக்கு 1983இல் வந்த அரசியல் சட்டத் தடையை நீக்க, ஆட்சிக்கு வந்த எந்த அரசும் துணியவில்லை. 2012இல் கால்வே மருத்துவமனையில் நம் நாட்டுப் பெண் சவிதா ஹலப்பனாவர் இறந்தார். கரு கலைந்துகொண்டிருந்தும் அதை அகற்ற மறுத்திருந்தார்கள். அதற்குப் பிறகும் கட்சிகள் தயங்கின. கடைசியில் 2016இல், பொதுமக்களிலிருந்து குலுக்கல்போல எடுத்த 99 பேரை ஒரு நீதிபதியின் தலைமையில் உட்கார வைத்தார்கள். மருத்துவர்களையும் சட்டம் தெரிந்தவர்களையும் இரு தரப்பாரையும் மாதக்கணக்கில் கேட்டுவிட்டு, தடையை நீக்கலாம் என்றார்கள். 2018 மே மாத வாக்கெடுப்பில் 66.4 சதவீதம் பேர் அதையே சொன்னார்கள். மறுபடி நின்று ஜெயிக்க வேண்டிய கவலை அந்த 99 பேருக்கு இல்லை.

அப்படியானால் நாடாளுமன்றத்தையே குலுக்கி நிரப்பலாமே என்று என் மருமகன் கேட்கிறான். கப்பல் மாலுமியைச் சீட்டுப் போட்டா எடுப்பார்கள் என்று சாக்ரடீஸ் அன்றே கேட்டாராம். ஏதென்ஸ்காரர்களும் 500 பேர் சபையைக் குலுக்கலில் எடுத்தார்களே தவிர, படைத்தலைவர்களை ஓட்டுப் போட்டுத்தான் எடுத்தார்கள். ஆனால் என்னைத் தயங்க வைப்பது சாக்ரடீஸ் இல்லை, எங்கள் வார்டு உறுப்பினர். டப்பாவிலிருந்து வந்தாரே, அவர்தான். ஒரு வருடம் கழித்துச் சாக்கடை அடைப்பைச் சொல்லப் போன பெண்களிடம், "நீங்களா என்னை ஜெயிக்க வச்சீங்க? சாமி வச்சாரு, அவரைப் போய்க் கேளுங்க" என்றார். வேடிக்கையாகத்தான் சொன்னார். ஆனாலும் அதில் உண்மை இருந்தது. சாமி தேர்ந்தெடுத்தவனை யார் கேள்வி கேட்பது? தற்செயலாக வந்தவன் யாருக்குப் பதில் சொல்வது?

அதனால் ஆளுகிறவர்களுக்கு ஓட்டுதான் வேண்டும், திட்டவும் அடுத்த முறை தோற்கடிக்கவும் ஓர் ஆள் வேண்டுமே. உறுப்பினர்கள் தங்கள் வழக்குக்குத் தாங்களே நீதிபதியாக உட்காரும் இடங்களில் மட்டும் குடம் வரட்டும் என்கிறேன். தமிழ்நாட்டில் எம்.எல்.ஏ. சம்பளம் 2017இல் 55,000 ரூபாயிலிருந்து 1,05,000 ஆனது, தீர்மானித்தது அவர்களே. எம்.பி. சம்பளத்தையும் நாடாளுமன்றமே சட்டம் போட்டு நிர்ணயிக்கலாம் என்கிறது அரசியல் சட்டத்தின் 106ஆவது பிரிவு. கட்சித்தாவல் வழக்கைத் தீர்ப்பவர் சபாநாயகர். அவரும் ஒரு கட்சிக்காரர். இந்த மூன்றையும் குலுக்கி எடுத்த நூறு பேரிடம் கொடுத்துப் பார்க்கலாம். ஒரு முறை உட்கார்ந்து, காரணத்தை எழுத்தில் கொடுத்துவிட்டு, வீட்டுக்குப் போய்விட வேண்டும்.

உத்திரமேரூர் போனால் குடத்தைப் பற்றி மட்டும் கேட்டுவிட்டுத் திரும்பிவிடாதீர்கள். முன்பு பதவியில் இருந்து கணக்குக் காட்டாதவன் பெயரையும், அவன் உறவினர் பெயரையும் குடத்தில் போடக்கூடாது என்ற வரியும் அதே சுவரில்தான் இருக்கிறது.